அவசரத்தின் வீடு

அவள் ஆமையை மறுபடியும் தோண்டி எடுத்தாள்.

முதுகில் ஒட்டியிருந்த மண்ணைச் சட்டைக் கையால் துடைத்தாள். அது தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. கொண்டுபோய் விளக்கின் கீழே, சூடான பக்கத்தில் வைத்தாள்.

ஆமையின் பெயர் அவசரம்.

அவள் மகன் ஜெறோம் வைத்த பெயர். பத்து வயதுப் பிள்ளைக்கு அப்படியொரு குறும்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமலே கேட்பான், "அம்மா, அவசரம் எங்கை?" எங்கே போகும்? விட்ட இடத்தில்தான் இருக்கும்.

போன மார்கழியில் காய்ச்சல் என்று ஜெறோமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை திரும்பி வரவில்லை.

அவசரம் இருந்தது.

அப்போது அது ஜெறோமின் அறையில், கண்ணாடித் தொட்டியில் இருந்தது. ஆமைக்குக் கண்ணாடி விளங்காது. எதிரே வெளி தெரியும். நடக்கும். முட்டும். பிறகும் நடக்கும்.

டொக். டொக்.

மூடிய அறைக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவது மாதிரி. அடுப்படியில் நின்று ஒரு வருஷமாக அதைக் கேட்டாள். ஒவ்வொரு தரமும் "வாறன்" என்று வாய்வரை வந்தது. சில தரம் சொல்லியும் விட்டாள்.

அவள் புருஷன் கிளெமென்ற் இதற்கொரு முடிவு கட்ட நினைத்தான். நாலு பக்கமும் பலகை இருந்தால் வெளியே தெரியாது, தெரியாவிட்டால் முட்டாது. இரண்டு பேருமாகக் கடைக்குப் போனார்கள். அங்கே பலகையில் செய்ததும் இருந்தது. ஆனால் மூடியோடு. கடைக்காரன் மூடியைத் திறந்து திறந்து சாத்திக் காட்டினான். அவள் வெளியே போய்க் கனடாப் பனியில் நின்றுகொண்டாள்.

கடைசியில் கிளெமென்றின் கண் ஜெறோமின் புத்தக அலுமாரியில் விழுந்தது. தட்டுகளைக் கழற்றினான். அலுமாரியை மல்லாக்கப் படுக்கவைத்து, ஈரம் இறங்காமல் பிளாஸ்டிக் விரித்தான். ஒரு பக்கம் சூட்டு விளக்கு. மறுபக்கம் நிழல். நடுவே தண்ணீர்த் தட்டு. மண்ணும் மணலும் கலந்து ஒரு சாண் ஆழத்துக்கு நிரப்பினான். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வேலையை முடித்த சந்தோஷம். கையைத் தட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்தான்.

"பெட்டி ரெடி."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

ஊரில் செத்தவீட்டில் பெட்டி என்றால் என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியும். பத்து வயதுக்கு எவ்வளவு நீளம் பிடிக்கும் என்பதும் தெரியும். அலுமாரியும் கிட்டத்தட்ட அந்த நீளம்தான்.

அன்றிலிருந்து அந்த வீட்டுப் பேச்சில் எதுவும் பெட்டியில் வருவதில்லை. தேயிலைகூட 'அதுக்குள்ளை'தான் இருந்தது.

புது வீட்டில் அவசரம் முட்டவில்லை. அறை அமைதியாகிவிட்டது. அந்த அமைதியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. போய் எட்டிப் பார்த்தாள்.

மண் மட்டும் இருந்தது.

இரண்டு கையாலும் விறாண்டினாள்.

அதற்குப் பிறகு அது புதைவதும் இவள் எடுப்பதுமாகவே பொழுது போனது. நித்திரை கெட்ட ஆமை கீரையைத் தொடவில்லை. கையில் தூக்கினால் வெறும் ஓடு மாதிரி லேசாக இருந்தது. ஜெறோம் விட்டுவிட்டுப் போன உயிர் இது ஒன்றுதான். இதுவும் போய்விடப் போகிறதே என்று நெஞ்சு பதறியது. பதறப் பதற இன்னும் தோண்டினாள்.

இன்று கிளெமென்ற் கதவடியில் வந்து நின்றான். அவளுடைய நகங்களைப் பார்த்தான்.

"அது உள்ளுக்கை கிடந்து மூச்சு விடும். நீர்தான் விடுறீரில்லை."

போய்விட்டான்.

அவசரம் தலையை நீட்டியது. நடந்தது. சூட்டை விட்டு, தண்ணீரைத் தாண்டி, குளிர்ந்த மூலைக்கு. ஆறுதலாக, அடி அடியாக.

முன்காலால் மண்ணைக் கிளறியது.

அவள் கை நீண்டது.

நின்றது.

ஜெறோமை அடக்கம் செய்த அன்று சேமக்காலையில் நிலம் கல்லாய் உறைந்து கிடந்தது. உதிர்மண்ணை ஒரு தட்டில் வைத்து நீட்டினார்கள். எல்லோரும் ஒரு பிடி எடுத்துக் குழிக்குள் போட்டார்கள். அவளும் எடுத்தாள். விரல் திறக்கவில்லை. கிளெமென்ற் பிரித்துப் பார்த்தான், முடியவில்லை. மூடிய கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டே காரில் ஏறினாள்.

அந்தக் கோட்டு இன்னும் இந்த அறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. இந்தக் குளிருக்கும் அவள் அதைப் போடவில்லை.

எழுந்து போனாள். பைக்குள் கையை விட்டாள்.

இருந்தது.

அவள் திரும்பி வருவதற்குள் ஆமை முக்கால்வாசி உள்ளே போயிருந்தது. தலை இல்லை. கால்கள் இல்லை. முதுகு மட்டும் ஒரு கைப்பிடி அளவுக்கு வெளியே தெரிந்தது.

அவள் குனிந்தாள்.

விரல்களைத் திறந்தாள்.

"வடிவாப் போத்துக்கொண்டு படு, ராசா."

சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். மண் மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. பிறகு அதுவும் அடங்கியது. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

ஸ்காபரோவில் நாலரைக்கே இருட்டிவிட்டிருந்தது. சூட்டு விளக்கை அணைத்தாள். வெளியே வந்து கதவை இழுத்தாள்.

முழுதாகச் சாத்தவில்லை. வெளிச்சம் உள்ளே விழுகிற அளவுக்குத் திறந்தே விட்டாள்.

ஜெறோமுக்கு இருட்டென்றால் பயம்.