மண்ணைக் கொன்றவன்

"இந்த மண்ணைக் கொன்னுட்டியேப்பா" என்றார் ஸ்ரீரங்கன்.

கொன்றதாகச் சொல்லப்பட்ட சவுரிமுத்து, மண்வெட்டியும் கையுமாக ஒன்றும் புரியாமல் நின்றார்.

மேடவாக்கம் அபார்ட்மென்ட்டில் சில குடும்பங்கள் சேர்ந்து அகரம்தென் கிராமத்தில் குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கர் அது. கேட்டில் 'இங்கு விஷத்துக்கு இடமில்லை' என்று போர்டு. தலைவர் ஸ்ரீரங்கன், ரிட்டயர்டு வங்கி அதிகாரி. சனிக்கிழமையானால் காரில் வந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு ஸ்பூன் மண்ணை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இதுக்குள்ள கோடிக்கணக்கான உயிர் இருக்கு" என்று செல்போன் கேமராவைப் பார்த்துப் பேசுவார். பேசி முடித்ததும் அத்தனை உயிரையும் சானிடைசர் போட்டுக் கழுவிவிடுவார்.

உழுவது, விதைப்பது, களை எடுப்பது எல்லாம் சவுரிமுத்துவும் மனைவி செல்லம்மாவும்தான். பண்ணை ஓரத்து ஷெட்டில் குடியிருப்பு.

மரத்தடிப் பாத்தியில் கீரை சோர்ந்து மஞ்சளடிக்கிறதே என்று சின்மயிதான் மண்ணை லேபுக்கு அனுப்பினாள். அபார்ட்மென்ட்காரர்களில், பண்ணைக்கு வெறும் போட்டோ எடுக்க வராதவள் அவள் ஒருத்திதான். "எதுக்கும்மா வீண் செலவு" என்று ஸ்ரீரங்கன் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை.

இன்றைக்கு ரிசல்ட் வந்துவிட்டது. சின்மயி படித்துச் சொன்னாள்.

"அந்தப் பாத்தியில பூச்சிமருந்து இருக்காம் சார். மண்ணுல இருக்கற நுண்ணுயிர் முக்கால்வாசி காலி. அதுங்கதான் எருவை மக்க வச்சு செடிக்குச் சாப்பாடு போடறது. அதுங்களே போயிட்டா கீரை எப்படி வரும்?"

"கேட்டியா சவுரி? எவ்ளோ மருந்து அடிச்சே?"

"மாதா சத்தியமா நான் அடிக்கல சார். வேணும்னா வூட்டுக்குள்ள பூந்து பாருங்க, ஒரு டப்பா கீதான்னு."

"அப்ப மருந்து தானா நடந்து வந்துச்சா?"

"இன்னா சார் இப்டி சொல்றீங்க" என்றாள் செல்லம்மா. "நாங்களும் இந்தக் கீரையத்தானே துன்றோம்."

"நீ பேசாதம்மா. கோடி உயிர் போயிருக்கு. உங்களுக்கெல்லாம் அது ஒரு விஷயமா?"

சின்மயி குறுக்கே வந்தாள். "சார், அந்த மருந்தையே தின்னு செரிக்கிற நுண்ணுயிரும் மண்ணுல உண்டாம். எரு நிறையப் போட்டு, மறுபடி மருந்து படாம பாத்துக்கிட்டா மெள்ள மெள்ளத் தேறிடும்னு லேப்ல சொன்னாங்க. அவசரப்பட்டு இவரை ஏன்..."

"மண்ணு மன்னிக்கும் சின்மயி. நான் மன்னிக்க மாட்டேன். கொள்கைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

குரல் தழுதழுத்தது. மேடை கிடைத்திருந்தால் இன்னும் நன்றாகத் தழுதழுத்திருக்கும்.

"சாயந்தரத்துக்குள்ள ஷெட்டைக் காலி பண்ணிடு சவுரி."

"சார், பொண்ணு கிறிஸ்டினாவுக்குப் பிளஸ் டூ பரீட்சை நடக்குது. அது முடியறவரைக்குமாவது இருந்துக்கறோம் சார்" என்றாள் செல்லம்மா.

ஸ்ரீரங்கன் அண்ணாந்து தென்னை மரத்தைப் பார்த்தார். செல்லம்மா உள்ளே போய்ப் பாத்திரங்களைச் சாக்கில் போட ஆரம்பித்தாள். சவுரிமுத்து மண்வெட்டியைக் கழுவி, அது பண்ணைச் சொத்து என்பதால், சுவரோரம் சாத்தி வைத்தார்.

வெளியே ஒரு பைக் வந்து நின்றது. முகத்தில் மாஸ்க், முதுகில் ஸ்பிரேயர் டேங்க்.

"குட்மார்னிங் ஸ்ரீரங்கன் சார். பெஸ்ட் கன்ட்ரோல்லேர்ந்து பிரசன்னா."

ஸ்ரீரங்கன் இடுப்புக்குக் கீழே கையை வைத்து, போ போ என்று சைகை காட்டினார். பிரசன்னா அதை வா வா என்று எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே வந்துவிட்டான்.

"போன மாசம் உங்க பேத்தி பர்த்டே பார்ட்டிக்கு, எறும்பு புழு எதுவும் தலை காட்டக்கூடாதுன்னு இந்த மரத்தடியில அடிக்கச் சொன்னீங்களே சார், அதுக்கு ஒரு ஃப்ரீ சர்வீஸ் இருக்கு. இப்பவே அடிச்சிடவா, இல்ல போன தடவை மாதிரி தோட்டக்காரர் சர்ச்சுக்குப் போன நேரமாப் பாத்து வரணுமா?"