குதிகால்

அய்யாவுவின் வலது குதிகாலுக்கு அடியில் என் உள்ளங்கை இருந்தது.

"இப்போது இடது காலைத் தூக்கச் சொல்" என்றார் டாக்டர் துரை, ஆங்கிலத்தில்.

வெள்ளைக்காரரானாலும் துரைக்குத் தமிழ் நன்றாகவே வரும். சோதனை எதற்கென்று படுத்திருப்பவனுக்குப் புரிந்துவிடக்கூடாது என்றுதான் ஆங்கிலம்.

சோதனை இதுதான். ஒரு காலைத் தூக்கினால், மூளை நம்மைக் கேட்காமலே மற்ற காலைக் கீழே ஊன்ற வைக்கும். ஊன்றினால் ஆள் வேஷம் போடுகிறான், நாளைக் காலையே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகவேண்டும். ஊன்றாவிட்டால் 'வேலைக்கு லாயக்கில்லை' என்று கையெழுத்து, நாகப்பட்டினத்துக்குக் கப்பல்.

அந்தக் கப்பலுக்காகத்தான் அய்யாவு உயிரை வைத்திருந்தான். ஊரில் அவன் மகளுக்கு ஏழு வயது. அவளை அவன் இன்னும் பார்த்ததில்லை.

மாட்டு வண்டியிலிருந்து விழுந்து ஐந்து மாதம். எலும்பு முறியவில்லை, வீக்கம்கூட இல்லை. வலது கால் மட்டும் அசையவில்லை. "நடிப்புல ராஜபார்ட் தோத்தான் போங்க" என்றார் கங்காணி. நானும் அப்படித்தான் நினைத்தேன். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெசர் நான்; சந்தேகம் தொழிலோடு வருவது.

மார்கழியில் சிகாமட் ஆறு பெருகி, கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குள் புகுந்தது. எல்லோரும் மேட்டுக்கு ஓடிவிட்டார்கள். நான் படகில் போனபோது அய்யாவு கழுத்தளவு தண்ணீரில், அந்தக் காலைக் கட்டை மாதிரி இழுத்துக்கொண்டு மூழ்கிக்கொண்டிருந்தான். என்னை அவன் பார்க்கவில்லை. நடித்துக் காட்ட அங்கே வேறு ஆளும் இல்லை.

அவன் இடது காலைத் தூக்கினான்.

வலது குதிகால் என் கையை அழுத்தியது. மோதிரம் விரலில் பதிகிற அளவுக்கு அழுத்தியது. அய்யாவு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

கால் நன்றாக இருக்கிறது. அவன் பொய்யும் சொல்லவில்லை. மூளை அவனுக்குத் தெரியாமல் காலை ஒளித்துவைத்திருக்கிறது, அவ்வளவுதான். தினமும் இப்படியே தூக்கிப் பழக்கினால் இரண்டு மாதத்தில் நடப்பான். துரை நிரப்பும் பாரத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

"அழுத்தம் ஒன்றுமில்லை, சார்" என்றேன்.

துரை கையெழுத்துப் போட்டார். நல்ல மனிதர். ரயிலுக்கு நேரமாகிறது என்று அவனைத் தன் மோட்டாரிலேயே ஏற்றிக்கொண்டார்.

ஏற்றும்போது அய்யாவு என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஐயா, நெசத்தச் சொல்லுங்க. இந்தக் காலு இனிமே வரவே வராதுங்களா?"

துரை பக்கத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வராது, அய்யாவு" என்றேன்.