வண்டி நின்றால் வரும்

"வண்டி ஓடினா வராது, நின்னா வரும். அது இன்னா, சொல்லு மாமா?"

கேட்டவள் மகிழினி, வயது எட்டு. திருவொற்றியூர் மெக்கானிக் லியாகத் அலி யோசித்தார்.

"தூக்கம்."

"இல்ல."

"டிராபிக் போலீஸ்."

"இல்லவே இல்ல."

அவருக்கு அவளுடைய அப்பா திருமலைதான் பெரிய விடுகதை. காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றும் குட்டியானை மினி லாரி வைத்திருக்கிறான். நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு சனிக்கிழமை, மகளோடு வந்து ஆயில் மாற்றுவான். எண்ணெய் அரைமணியில் வடிந்துவிடும். அவனோ, "கடைசிச் சொட்டு வரைக்கும் வடியட்டும்" என்று வெளியே போய், சாயந்தரம்தான் திரும்புவான்.

"இந்தத் தபா சிந்தெடிக் ஆயில் ஊத்திக்கோ நைனா. அடிக்கடி வந்து நிக்க வேணாம்."

"தண்ணி மாதிரி கீது பாய். ஆயில்னா கெட்டியா இருக்கணும்."

"உன் எஞ்சினுக்கு அது போதும். சூட்டையும் நல்லா தாங்கும்."

"பழைய எஞ்சின். ஒழுகும்."

"சீல் மாத்துனது நான்தானே? ஒழுகாது."

"வெல ஜாஸ்தி."

"ரெண்டு தபா மாத்துறத ஒரு தபா மாத்தப்போற. சரியாப் பூடும்."

திருமலை தலையைச் சொறிந்தான். கடைந்தெடுத்த கஞ்சன் என்று நினைத்துக்கொண்டார் லியாகத் அலி.

அப்போது திருமலையின் போன் அடித்தது.

"வண்டி ஷெட்ல கீதுண்ணா. சாயந்தரம்தான் லோடு எடுப்பேன்." நல்ல சேதி சொல்வதுபோல் சொல்லிவிட்டு, போனைப் பைக்குள் போட்டான்.

"வேற வண்டிய கூப்பிட்டுக்கப் போறாங்க."

"கூப்பிடட்டும் பாய். வண்டி ரெடியா கீதுன்னா வரலன்னு சொல்ல எனக்கு வாய் வராது. வெடிகாலைல பூட்டா, இவ தூங்குனப்புறம்தான் வூட்டுக்கு வரேன். இன்னிக்கு பொய் சொல்லாம வரலன்னு சொல்லலாம்."

மகிழினி ஏற்கெனவே பந்தைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். ரோட்டைத் தாண்டினால் கடற்கரைதான்.

லியாகத் அலி மகிழினி பக்கம் திரும்பினார்.

"விடுகதைக்கு விடை அப்பாவா?" என்றார்.

"கண்டுபிடிச்சிட்ட மாமா."

அவர் வழக்கமான ஆயில் டப்பாவையும் சிந்தெடிக் டப்பாவையும் துடைத்து, அவள் முன்னால் வைத்தார்.

"இத ஊத்துனா நாப்பத்தஞ்சு நாள்ல மறுபடியும் வரணும். அத ஊத்துனா மூணு மாசம் ஆவும். நீயே சொல்லு."

மகிழினி நாற்பத்தைந்து நாள் டப்பாவை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.