கெடாத போன்

"போன் ஆன் ஆகல. சார்ஜும் ஏறல" என்று சொல்லிக் கண்ணாடி மேஜைமேல் வைத்தேன்.

கடைக்காரி போனைப் பார்த்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"உட்காருங்க. முன்னாடி ரெண்டு பேர் இருக்காங்க."

பெற்றவளைப் பார்த்து 'உட்காருங்க'வாம்! சரி, இருக்கட்டும். கடை என்றால் வரிசை உண்டுதானே. உட்கார்ந்தேன்.

எனக்கும் என் மகளுக்கும் எட்டு மாதமாகப் பேச்சு இல்லை.

நல்ல ஆபீஸ் வேலையை உதறிவிட்டு, போன் ரிப்பேர் கடை வைக்கப்போகிறேன் என்று வந்து நின்றாள். என் வாய் சும்மா இருந்ததா? 'உன்னை நம்பி எவன் போன் குடுப்பான்' என்று கேட்டுவிட்டேன். அதுவும் என் நாத்தனார் முன்னால். மகளின் முகம் அப்படியே சுருங்கிப்போயிற்று.

'நீயே கொண்டு வருவ. அன்னைக்கு வீட்டுக்கு வரேன்' என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள்தான். கடைக்கு மேலேயே ஒரு அறை பார்த்துக்கொண்டாள். சமையல், தூக்கம் எல்லாம் அங்கேதான்.

இவ்வளவு ரோஷம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

என் போனும் லேசுப்பட்டது இல்லை. தையல் மெஷினிலிருந்து எத்தனை முறை விழுந்திருக்கும்! ஒரு தடவை துணி ஊறவைத்த வாளிக்குள்ளேயே போய்விட்டது. எடுத்துத் துடைத்தேன், மணி அடித்தது. இந்த எட்டு மாதத்தில் அதற்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. சனியன்.

முந்தாநாள்தான் ஒருவழியாகப் படுத்தது.

என் முறை வந்தது. முதலில் என் சார்ஜரை வாங்கி வேறொரு போனில் செருகிப் பார்த்தாள். அதில் ஏறியது. தன் சார்ஜரை என் போனில் செருகினாள். அசைவே இல்லை. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் எண்ணினாள். திரை கறுப்பாகவே கிடந்தது.

பக்கத்தில் நின்றிருந்த தொப்பைக்காரருக்குப் பொறுக்கவில்லை. பேட்டரி அவுட், திறந்து மாற்றிவிடு என்றார். தனக்குத் தெரிந்த ஒருத்தன் இருக்கிறான், இந்நேரம் கழற்றியிருப்பான் என்றார்.

"திறக்கத் தேவையில்ல சார்" என்றாள், தலையை நிமிர்த்தாமலே.

அப்படிப் போடு!

முப்பது வருடமாகத் தைக்கிறேன். அளந்து பார்க்காமல் கத்தரியைத் தொட்டதில்லை. இவள் என் மெஷின் பக்கம் எட்டிப் பார்த்தவள்கூட இல்லை. ஆனால் அந்தப் பொறுமை மட்டும் அச்சு அசலாக என்னுடையது. தொப்பைக்காரரிடம் சொல்ல வேண்டும்போல் நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

விளக்கை இழுத்து வைத்து, கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டி, சார்ஜர் செருகும் துளைக்குள் பார்த்தாள். மெல்லிய ஊசி ஒன்றை எடுத்தாள்.

நான் மேஜைப் பக்கம் இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.

ஊசி உள்ளே போனது. கை நடுங்கவே இல்லை. என்ன கை! நூல் கோக்கும்போது எனக்கே இப்போதெல்லாம் லேசாக ஆடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினாள். ஊசி முனையில் துளியூண்டு ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது.

அதைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சட்டென்று உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

"என்னம்மா அது?" என்று எட்டிப் பார்த்தார் தொப்பைக்காரர்.

"தூசி சார்."

சார்ஜரைச் செருகினாள். இரண்டு நிமிடம் கழித்துத் திரையில் பேட்டரி படம் வந்தது. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"அட!" என்றார் தொப்பைக்காரர். அதோடு விட்டாரா? பையிலிருந்து தன் பெண்டாட்டியின் போனையும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "என் பொண்ணுங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்போல. வாசலில் நின்றவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அவள் குனிந்தபடியே அந்தப் போனை எடுத்துத் துடைத்தாள். காது மட்டும் சிவந்தது.

கால் மணி நேரம் சார்ஜ் ஏற்றி என் கையில் கொடுத்தாள். போனுக்கு அடியில் பொடிசாக ஏதோ உறுத்தியது. குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"தூசி ரெண்டா மடிஞ்சு வராதும்மா. சாயங்காலம் வரேன்."

தெருவில் இறங்கிக் கையை விரித்தேன். நீல லைனிங் துணி. அரிசி அளவுதான். பிசிறு இல்லாமல் வெட்டி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஒழுங்காக மடித்தது. முந்தாநாள் அதை ஊசியால் உள்ளே திணித்தபோதும் இந்தப் பாழாய்ப்போன கை துணியை மடிக்காமல் விட்டிருக்கிறதா பாருங்கள்.

கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்தும் நாலு பேர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்றைக்கு நான் அப்படியா இருந்தேன்?

உயிர் வந்த போனில் முதல் வேலையாக நாத்தனாரைக் கூப்பிட்டேன். சாயங்காலம் என் பொண்ணு வருகிறாள், உங்கள் போனில் ஏதாவது கோளாறு இருந்தால் கொண்டுவாருங்கள், கண் மூடித் திறப்பதற்குள் சரி பண்ணிவிடுவாள் என்றேன்.

தன் போன் நன்றாகத்தான் இருக்கிறது என்றார் அவர்.

"இருக்கட்டும் அண்ணி. எடுத்துட்டு வாங்க, நான் பார்த்துக்கறேன்."