காலுக்கு வந்தவர்கள்

அம்மாவின் வலது காலில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் மகள் அதற்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். கணுக்காலில் ஆரம்பித்து முழங்கால் வரை, இழுத்து இறுக்கி.

"பைத்தியமாடி உனக்கு?" என்றார் அப்பா. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இனிமே இந்த வீட்டுல அந்த வார்த்தையே வரக்கூடாதுன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க?"

அப்பா பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். தெருவில் மகளுக்கு வாயாடி என்றுதான் பெயர். சும்மா வரவில்லை அந்தப் பெயர்.

அம்மா மனநல ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகிறது. "நல்லா ஆயிட்டாங்க. நாலு பேர் வந்து பேசிட்டிருந்தா இன்னும் சீக்கிரம் தேறிடுவாங்க" என்றுதான் டாக்டர் அனுப்பினார்.

நாலு பேருக்கு எங்கே போவது? வந்த அன்றைக்கே அம்மா கூடத்து நாற்காலிகளைத் தூசி தட்டி வரிசையாகப் போட்டு வைத்தாள். ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் 'ம்', 'வேண்டாம்' தவிர அவள் வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

மாடி வீட்டு அத்தை மட்டும் படியில் வாயாடியை மடக்கி, "கத்தியெல்லாம் ஒளிச்சு வெச்சிட்டியாடி?" என்று கேட்டாள்.

"வெச்சாச்சு அத்தை. அம்மாகிட்டதான் கொடுத்து ஒளிக்கச் சொல்லியிருக்கேன்."

அன்றிலிருந்து அத்தை படியில் வேகமாக இறங்குகிறாள்.

அம்மாவுக்கு அத்தை தேவையில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்வீட்டு வாசலையே பார்ப்பாள். மடியில் தையல் விட்ட ஒரு ரவிக்கை. எதிர்வீட்டு டைலரக்காவிடம் கொண்டுபோய்க் கொடுக்கவும் மாட்டாள், கீழே வைக்கவும் மாட்டாள்.

டைலரக்கா அம்மாவுக்கு உயிர்த்தோழி. அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மா வந்த மறுநாளே டைலரக்கா வாசலோரம் இருந்த மெஷினை உள் அறைக்கு மாற்றிவிட்டாள். இப்போது சத்தம் மட்டும்தான் வருகிறது.

வாயாடிக்கு வயிறு எரிந்தது. எரியாதா? அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதே டைலரக்கா முதுகு வலி என்று மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தாள். அம்மாதான் கூடவே இருந்து பார்த்தாள். வேறு யாரையும் தொடக்கூட விடாமல், தானே தைலம் தேய்த்துவிட்டாள். தெருவே போய் விசாரித்தது.

போன வருஷம் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தபோதும் தெருவே வந்தது. பழம் வைக்க வீட்டில் இடமில்லை. அப்போது வாங்கின கட்டுத்துணிதான் இது.

வாசலில் நாற்காலி போட்டு, அம்மாவை உட்கார வைத்து, காலை ஸ்டூல் மேல் தூக்கி வைத்தாள் வாயாடி. அம்மா மறுக்கவில்லை. பழகின ஆளைப் பார்க்கிற மாதிரி அந்தக் கட்டையே பார்த்தாள்.

மாடி வீட்டு அத்தைதான் முதலில்.

"அடக் கடவுளே! கால்ல என்ன ஆச்சு?"

"படி தடுக்கிடுச்சு அத்தை."

"எலும்பா?"

"இல்ல, சவ்வு."

"சவ்வுதான்டி மோசம்! என் நாத்தனார் படாத பாடு பட்டா."

அப்புறம் பால்காரர். அப்புறம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மூலைக்கடைக்காரர். ஆளுக்கொரு வைத்தியம். மெத்தையில் படுக்கக் கூடாது என்றார் ஒருவர், மெத்தையில்தான் படுக்க வேண்டும் என்றார் இன்னொருவர். ஒரு வாரமாகத் தலையைக் குனிந்துகொண்டு போனவர்கள் இப்போது நகர மாட்டேன் என்கிறார்கள். எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி. காலைப் பற்றி என்றால் என்ன கேட்பது என்று தெரிகிறது அல்லவா?

அம்மா மட்டும் பேசவில்லை. அவர்கள் தலைகளுக்கு நடுவே எதிர்வீட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அந்தக் கதவு திறந்தது. கழுத்தில் அளவு டேப் தொங்க, டைலரக்கா வந்தாள்.

"வாங்க, வாங்க. கால்ல கட்டுப் போட்டாத்தான் வழி தெரியும்போல" என்றாள் வாயாடி.

"ஏய், சும்மா இரு" என்றார் அப்பா.

டைலரக்கா அம்மாவின் காலடியில் உட்கார்ந்து கட்டைத் தடவினாள். பிறகு ஊக்கைக் கழற்றி அவிழ்க்க ஆரம்பித்தாள்.

வாயாடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா, அவிழ்க்கக் கூடாதுன்னு டாக்டர்..."

"எந்த டாக்டர்?"

கட்டு சுருள் சுருளாகக் கீழே விழுந்தது. வீக்கம் இல்லை. சிராய்ப்பு இல்லை.

"கால்ல ஒண்ணுமே இல்லையேடி!" என்றாள் மாடி வீட்டு அத்தை. மூலைக்கடைக்காரர் வாழைப்பழத்தைப் பார்த்தார்.

"இல்லதான்." டைலரக்கா அம்மாவின் பாதத்தை விடவில்லை. "என் முதுகுலயும் அன்னிக்கு ஒண்ணுமே இல்ல. இப்ப இவளுக்கு வந்ததுதான் அப்ப எனக்கு வந்துச்சு. இவதான் உங்க எல்லார்கிட்டயும் முதுகு வலின்னு சொல்லி என்னைக் காப்பாத்தினா. இப்ப இவ பக்கத்துல உட்கார்ந்தா, என்னையும் கண்டுபிடிச்சிடுவீங்களோன்னு பயந்து நான்..."

அம்மா சட்டென்று குனிந்து டைலரக்காவின் வாயைப் பொத்தினாள். ஒரு வாரத்தில் முதல் தடவையாக முழுசாகப் பேசினாள்.

"அவ சும்மா சொல்றா. அவளுக்கு முதுகு வலிதாங்க. தைலம் தேய்ச்சவ நான், எனக்குத் தெரியாதா?"