காலணிக்குள் புல்

“கையை எடுங்கம்மா. அது மாட்டிக்கிற காலணி இல்ல, கலை.”

கலைக்கூடப் பொறுப்பாளர் சீவர்ட் சொல்லி முடிப்பதற்குள் எல்லே இன்னொரு காலணிக்குள்ளும் காய்ந்த புல்லைத் திணித்துவிட்டாள்.

கலைமான் தோலில் தைத்த குழந்தைக் காலணிகள், நார்வேயின் வடகோடியில் காராஷோக் ஊர்க் கலைக்கூடத்தின் நடுவே வரிசையாக, காலியாக நின்றன. விடுதிப் பள்ளிக்கு வலுக்கட்டாயமாகக் கொண்டுபோகப்பட்ட ஸாமி பூர்வகுடிப் பிள்ளைகளின் நினைவாக எல்லேயின் மகள் ரிஸ்டென் செய்த படைப்பு. தலைமுறைக் காயத்துக்கு மருந்து என்று ஓஸ்லோ பத்திரிகைகள் எழுதின. இன்று அங்கிருந்து அருங்காட்சியகத்தார் வந்திருந்தார்கள். வாங்கிக்கொண்டால் ரிஸ்டெனுக்கு அதுதான் முதல் விற்பனை.

காலுறைக்குப் பதிலாகத் தாய்மார் வைத்து அனுப்பிய புல்லை விடுதி வார்டன் அழுக்கு என்று உருவி அடுப்பில் போட்ட கதையைச் சீவர்ட் சொல்லிக்கொண்டிருந்தார். வழக்கமாகத் தழுதழுக்கும் இடத்தில் அவர் குரல் தழுதழுத்தது. அப்போதுதான் எல்லே புல் நிறைந்த பையோடு உள்ளே வந்தாள்.

எல்லேயும் அந்தப் பள்ளியில் படித்தவள். அதைப் பற்றி இதுவரை மகளிடம்கூட வாய் திறந்ததில்லை. வார்டன் கதையே ரிஸ்டெனுக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

“என்னம்மா பண்றே?” என்றாள் ரிஸ்டென்.

“கால் வெறச்சுப் போகும்டி.”

சீவர்ட் சிரித்துச் சமாளித்தார். பொதுமக்கள் பங்கேற்க வேண்டியதுதான், அதற்கென்று தனி நாள் ஒதுக்கியிருக்கிறோம் என்றார். இந்தப் படைப்புக்கு உயிரே வெறுமைதான் என்றும் வந்தவர்களுக்கு விளக்கினார். அவர்கள் தலையாட்டினார்கள். எல்லே அடுத்த காலணியை எடுத்தாள்.

“ரிஸ்டென், அம்மாவுக்கு வெளியில ஒரு காபி வாங்கிக் குடுங்களேன். இங்க நாங்க காயத்தப் பத்திப் பேசிட்டிருக்கோம்.”

ரிஸ்டென் நகரவில்லை.

சீவர்ட் தானே குனிந்தார். காலணிகளிலிருந்த புல்லை இரண்டு விரலால் உருவி, “ஒரே அழுக்கு” என்று முணுமுணுத்தபடி மூலையிலிருந்த குப்பைக் கூடையில் போட்டார். கையைத் தட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

“ஆக, அந்த வார்டனுக்கு மனசுன்னு ஒண்ணு இருந்திருந்தா...”

குரல் மறுபடி தழுதழுத்தது. ஒருவர் கைக்குட்டையை எடுத்தார்.

ரிஸ்டென் கூடையிலிருந்த புல்லை அள்ளிக்கொண்டு வந்து அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். புல்லை உதறிச் சிக்கெடுத்தாள். இருந்ததிலேயே சின்னக் காலணியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.