அலுத்துப்போன பாட்டு

2019 ஜூலை 11, வியாழக்கிழமை, திருநெல்வேலி. புதுப் பாடல்களை மட்டும் ஒலிபரப்பும் ஒரு பண்பலை நிலையத்தில், அடுத்த வாரப் பட்டியலுக்காக நேயர்களைத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தார்கள். பல்லவியைச் சில விநாடி ஒலிக்கவிட்டு, பிடிக்கிறதா, அலுத்துவிட்டதா என்று கேட்பது வழக்கம். அழைப்புகளைச் செய்துகொண்டிருந்த பெனாசிர் மேலாளரிடம் மல்லுக்கட்டிப் பட்டியலில் சேர்த்திருந்த பாட்டு, அன்றைய கடைசி அழைப்பை நம்பியிருந்தது. இன்னும் ஒருவர் அலுத்துவிட்டது என்றால் அது போய்விடும்.

எதிர்முனையில் செண்பகவடிவு என்ற நேயர் பொறுமையாகக் கேட்டார்.

"அலுத்துட்டும்மா."

பெனாசிர் மனமில்லாமல் குறித்துக்கொண்டாள்.

"ஆனா நீங்க நல்லா இருக்கணும் தாயி. அதுல கோரஸ் பாடுத பிள்ளையள்ல ஒருத்தி எம் மவ. நீங்க விடாமப் போட்டதுலதான் அவள இப்பம் கச்சேரிக்குக் கூப்பிடுதாவ."

"மக பாடுனதயா அலுத்துட்டுன்னு சொன்னிய?"

"எம் மவளா இருந்தா என்ன, ஒரு நாளைக்குப் பத்து தடவ கேட்டா அலுக்காதா?"

பாடியவர்களின் உறவினர் சொல்லும் கருத்து செல்லாது என்பது நிலையத்தின் விதி. சொந்தக்காரர் யாராவது பாடியிருக்கிறார்களா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். பெனாசிர் அவசரத்தில் அதை விட்டிருந்தாள்.

"ரொம்ப நன்றிம்மா," என்றாள்.

"எனக்கு எதுக்கும்மா நன்றி? நாங்கல்லா ஒங்களுக்குச் சொல்லணும்."

பெனாசிர் அந்தப் பதிலைச் செல்லாது என்று அடித்துவிட்டுப் பட்டியலை மேலாளருக்கு அனுப்பினாள். அடுத்த வாரமும் அந்தப் பாட்டு ஒலிபரப்பானது.